வாலெழுத்து

கெப்ளாவிக் விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில்
எனக்கு ஒரு மேசை, ஒரு முத்திரை,
வடகாற்றுக்கு ஒழுங்காகச் சாத்தாத ஒரு கதவு.
வெளிநாடு போகும் குதிரைகளின் தாள்களைச் சரிபார்ப்பவன்.
பழைய நோர்ஸ் மூன்று பருவம் படித்தேன்,
நான்காவதில் வீட்டு வாடகை ஏறிவிட்டது.

ஹெஸ்த்ர்.
கன்றுத்தோல் ஏடுகளில் குதிரை அப்படித்தான் நிற்கும்.
த்-க்கும் ர்-க்கும் நடுவே மூச்சு முட்டி
பின்னால் வந்தவர்கள் ஓர் உகரத்தைச் செருகினார்கள்.
இன்று ஹெஸ்துர்.
'நன்றாகத் தாவுவது' என்று வேர் காட்டுவார்கள் சிலர்.
எனக்குத் தெரிந்த ஹெஸ்துர்கள் நின்றபடி தூங்கும்.
ஜெர்மனியில் இருக்கும் அதன் பங்காளிச் சொல்லுக்கு
இன்னும் பொலிகுதிரை என்றே பொருள்;
இங்கே காயடித்த பிறகும் ஹெஸ்துர்தான்,
நாங்கள் தாராளம்.

பள்ளியில் ஒப்பிப்போம், பெருக்கல் வாய்பாட்டின் ராகத்தில்:
இதோ — ஹெஸ்துர்.
அதைப் பற்றி — ஹெஸ்த்.
அதனிடமிருந்து — ஹெஸ்தி.
அதனிடம் — ஹெஸ்த்ஸ்.
பார்த்தீர்களா,
அதுவாக ஓடினால், மேய்ந்தால், எட்டி உதைத்தால்
சொல்லின் பின்னால் ஒரு ர் ஆடுகிறது, வால் போல.
யாராவது அதைப் பிடித்தால், விற்றால், வண்டியில் ஏற்றினால்
வால் இல்லை.
எழுவாய்க்கு வால், செயப்படுபொருள் மொட்டை.
இந்த விதியைச் செய்தவன் குதிரைத் தரகனாக இருந்திருப்பான்.

அக்டோபரில் ஒரு செவ்வாய். பனியும் மழையும் கலந்து கொட்டியது.
ஸ்காகாஃப்யோர்திலிருந்து ஐந்து மணி நேரம் ஓட்டி வந்திருந்தாள்
ஸ்டெய்ன்வோர் அவுட்னிதோத்திர்.
கோடை முழுக்க மழை, அறுத்த புல் காயவே இல்லை,
இரண்டு குதிரைக்குத்தான் தீனி, மூன்று இருந்தன.
மூன்றாவது வண்டிக்குள் கால்மாற்றி நின்றது.
பழுப்பு நிறம், பதினொரு வயது,
பெயர் யோர்.

யோர்! கவிராயர்கள் மட்டும் ஏறிய சொல் அது.
அதன் பாட்டன் எக்வோஸ், எந்த ஏட்டிலும் இல்லை,
ஊகித்து எழுப்பி நிறுத்திய எலும்புக்கூடு.
கிழக்கே போனது அசுவம் ஆனது,
ரோமுக்குப் போனது எக்குவஸ்,
வடக்கே வந்தது குளிரில் மெய்யெல்லாம் உதிர்த்து
ஓர் அசையில் ஒடுங்கிக்கொண்டது.
யோர், யோ, யோ, யோஸ்.
ர் போனால் மிஞ்சுவது ஒரு கூப்பாடு.

படிவத்தில் ஒரு கட்டம்: 'உரிமையாளர்', அடுத்து குதிரையின் பெயர்.
யோஸ் என்று எழுத வேண்டும். ஆறாம் வேற்றுமை.
அவள் யோர் என்று எழுதினாள்.
"ஸ் வரணும்," என்றேன்.
"தெரியும்."
"ஆசிரியை வேற நீங்க."
"கணக்கு," என்றாள், பேனாவைக் கீழே வைக்கவில்லை.

சட்டம் பழையது, யாருக்கும் தெரிந்தது:
தீவை விட்டுப் போன குதிரை திரும்பக் கூடாது.
நோய்க்கு அஞ்சி.
பந்தயத்துக்குப் போய் முதல் பரிசு வாங்கினாலும் சரி,
ஒரு மணி நேரத்துக்குக்கூட இல்லை.
'அதனிடமிருந்து' வரை வாய்பாடு ஓடும்.
'அதனிடம்' சொல்ல வேண்டுமானால்
இனி அவள்தான் போக வேண்டும்.

எல்லாச் சரக்குக்கும் பொதுவாக அச்சிட்ட தாள் அது,
'திரும்பும் நாள்' என்றும் ஓர் இடம் உண்டு.
குதிரைகளுக்கு அதில் நாங்கள் ஒரு கோடு இழுப்போம்.
அவள் இழுக்கவில்லை. தாளை என் பக்கம் தள்ளினாள்.
நான் இழுத்தேன். கொஞ்சம் கோணல்.

வெளியே அது கனைத்தது.
அந்த நேரத்தில், இலக்கணப்படி, முழுப் பெயரோடு.

பிழையைத் திருத்துவது என் வேலை.
முத்திரையை எடுத்தேன், மையில் ஒற்றினேன்,
ர் மேல் படாமல்
அதற்கு ஒரு விரல் தள்ளிக் குத்தினேன்.

லியேஜில் இறக்கியவர்கள் எதுவும் கேட்கவில்லை.
அவர்கள் பேச்சில் பெயருக்கு வேற்றுமை ஏறாது,
எங்கே கொண்டுபோய் விட்டாலும்
அப்படியே நிற்கும்.